ஜிப்ஸி ஸ்டீயரிங் உதறுகிறதா? டேம்பரை விடுங்கள், ஷாக்கிளையும் கிங்பின்னையும் பாருங்கள்

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன். போன வருடம் 1998 மாடல் ஜிப்ஸி கிங் வாங்கினேன், கார்புரேட்டர் வண்டி. ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்து வண்டி தாழ்ந்திருந்ததால், லேத்தில் சொல்லி இரண்டு அங்குலம் நீளமான ஷாக்கிள் (பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் தகடு) செய்து நான்கு பக்கமும் மாட்டினேன். கூடவே 235/75 ஆர்15 டயரும் போட்டேன். மலையில் ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லை. மேட்டுப்பாளையம் தாண்டிச் சமவெளியில் 55, 60 வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் கையை உதறுகிறது, வண்டியே ஆடுகிறது. ஸ்டீயரிங் டேம்பர் (உதறலை அடக்கும் ஷாக் அப்சார்பர் போன்ற பாகம்) இரண்டு முறை மாற்றினேன், வீல் பேலன்சிங்கும் பார்த்தாயிற்று. இன்னொன்று, மழை நாளில் ஃபோர் வீல் போட்டு மலை ஏறினால் கொண்டை ஊசி வளைவில் டக் டக்கென்று சத்தம், அப்புறம் லிவர் திரும்ப வர மறுக்கிறது. வீட்டிலேயே பார்க்க ஆசை. அடுத்து என்ன மாற்றங்கள் செய்யலாம்?

பதில்: முதலில் ஒரு அவசர விஷயம். இதைச் சரிசெய்யும் வரை வண்டியை 40-க்கு மேல் ஓட்டாதீர்கள். அதையும் மீறி உதறல் வந்துவிட்டால் பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டாம். முன்பக்கம் பாரம் விழுந்து ஆட்டம் கூடத்தான் செய்யும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்துக்கொண்டு வேகம் தானாக இறங்க விடுங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே வந்ததும் அது நின்றுவிடும்.

இப்போது காரணத்துக்கு வருவோம். டேம்பர் இந்த ஆட்டத்தை உண்டாக்குவதில்லை, அடக்கி வைக்க மட்டுமே முயல்கிறது. புது டேம்பர் போட்ட ஒரு வாரம் நன்றாக இருந்து, மறுபடி ஆரம்பித்திருந்தால் அது டேம்பரின் குறை அல்ல. உள்ளே எங்கோ லூஸ் இருக்கிறது, கோணமும் தப்பியிருக்கிறது. உங்கள் வண்டியில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன என்றே நினைக்கிறேன்.

கோணம் தப்பியதற்குக் காரணம் அந்த ஷாக்கிள். ஜிப்ஸியின் முன் பட்டையில் பின்முனை சேஸிஸோடு நேராக போல்ட் ஆகியிருக்கும், முன்முனையில்தான் ஷாக்கிள் தொங்கும். ஷாக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால், சேஸிஸை வைத்துப் பார்க்கும்போது பட்டையின் முன்முனை கிட்டத்தட்ட 5 செ.மீ. கீழே போகிறது, பின்முனை இருந்த இடத்திலேயே நிற்கிறது. பட்டை முன்னோக்கிச் சரிகிறது, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஆக்சிலும் கூடவே முன்னோக்கிச் சுழல்கிறது. பட்டையின் நீளத்தை ஒரு மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் இந்தச் சரிவு ஏறத்தாழ 3 டிகிரி.

இந்த 3 டிகிரி ஏன் பெரிய விஷயம்? சைக்கிளின் முன் ஃபோர்க் சற்றுச் சாய்ந்திருப்பதுபோல, ஜிப்ஸியின் கிங்பின் அச்சும், அதாவது முன் சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சும், மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அதற்குக் காஸ்டர் என்று பெயர். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவதும், பள்ளத்தில் அடி வாங்கிய சக்கரம் உடனே நிதானப்படுவதும் அந்தச் சாய்வினால்தான். கம்பெனி வைத்த காஸ்டரே மூன்றரை டிகிரிதான். அதில் 3 போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? இவ்வளவுக்கும் உங்களுக்குக் கிடைத்த உயரம் இரண்டு அங்குலம்கூட இல்லை. ஆக்சில் பட்டையின் நடுவில் இருப்பதால் ஷாக்கிளில் கூட்டியதில் பாதிதான், அதாவது ஒரு அங்குலம்தான் கிடைக்கும். ஒரு அங்குலத்துக்காக ஸ்டீயரிங்கின் உயிரைக் கொடுக்க வேண்டியதில்லை.

அதனால் முதல் வேலை, முன்பக்கம் பழைய ஷாக்கிளையே மாட்டுவது. பழைய டயர்கள் கையில் இருந்தால் அவற்றையும் மாட்டி ஓட்டிப் பாருங்கள். செலவே இல்லாத சோதனை இது. பழைய வண்டியில் கோளாறு தேடும்போது, நாம் மாற்றியதை எல்லாம் பழையபடி வைத்துவிட்டுத்தான் தேட வேண்டும். இல்லையென்றால் வண்டியின் நோய் எது, நாம் கொடுத்தது எது என்று பிரித்தறியவே முடியாது. ஷாக்கிளைக் கழற்றும் முன் ஃபோனில் இருக்கும் கோணம் பார்க்கும் வசதியைத் திறந்து, பட்டையை ஆக்சிலோடு பிடித்திருக்கும் யூ போல்ட் தட்டின் அடியில் முன்பின்னாக வைத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பழையது மாட்டிய பிறகு அதே சமதளத்தில் மறுபடி பாருங்கள். எத்தனை டிகிரி மாறுகிறதோ அத்தனை காஸ்டரை இழந்திருந்தீர்கள்.

அடுத்தது லூஸ். வண்டியைத் தூக்குவதற்கு முன்பு, பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள், ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். ஜாக்கியில் தூக்கியதும் ஆக்சிலுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு வைத்துவிடுங்கள். ஹாலோ பிளாக் கல்லை ஒருபோதும் வைக்காதீர்கள், அது முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும்.

சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து உள்ளும் வெளியும் அசையுங்கள். லொடலொடவென்று ஆடினால் வீட்டில் ஒருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அசையுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங் லூஸ். பிரேக் பிடித்தும் ஆடினால் கிங்பின் பேரிங். உங்கள் வண்டியில் இதுதான் இருக்கும் என்பது என் ஊகம். ஏனென்றால் ஜிப்ஸியில் ஒவ்வொரு பக்கமும் மேலொன்று கீழொன்றாக டேப்பர் பேரிங் இருக்கிறது. நக்கிளின் (கிங்பின்னில் திரும்பி, சக்கரத்தைத் தாங்கும் பாகம்) உள்பக்கம், ஆக்சில் முனையின் உருண்டையைச் சுற்றியிருக்கும் சீல் காய்ந்து கிழிந்தால் ஆற்றுத் தண்ணீரும் சேறும் நேராக உள்ளே போகும். இத்தனை வருடம் மலையில் ஓடிய வண்டியில் அந்த சீலை யாராவது மாற்றியிருப்பார்கள் என்று நம்புவது கஷ்டம்.

சக்கரத்தை இறக்கிவிட்டு அடுத்த சோதனை. இன்ஜின் ஓட வேண்டாம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் ஆட்ட வேண்டும். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பிலும் கையை வைத்துப் பாருங்கள்: ஸ்டீயரிங் பாக்ஸ் பக்கத்திலிருந்து சக்கரத்தை நோக்கிப் போகும் டிராக் லிங்க்கின் இரண்டு முனை, முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் டை ராடின் எண்ட் இரண்டு, ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து வரும் ஆர்ம். ஒரு பக்கம் நகர்ந்து மறுபக்கம் தாமதமாக நகர்ந்தால் கைக்கே தெரியும். ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸிஸோடு சேரும் இடத்தை டார்ச் அடித்து நிதானமாகப் பாருங்கள். போல்ட் தளர்ந்திருக்கலாம், சேஸிஸ் தகட்டிலேயே விரிசல் விட்டிருக்கலாம். விரிசல் இருந்தால் வண்டி அங்கேயே நிற்கட்டும், நல்ல வெல்டரை வீட்டுக்கு வரவழையுங்கள். பட்டையின் புஷ்கள், யூ போல்ட் நட்டுகள் இவற்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

ஸ்டீயரிங் பாக்ஸின் மேலே இருக்கும் அட்ஜஸ்ட் ஸ்குரூவை எல்லோரும் முதலில் திருகுவார்கள். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வையுங்கள். மற்ற இடத்து லூஸை அதில் இறுக்கி மறைத்தால் நடுவில் கியர் பிடித்துக்கொள்ளும், வளைவிலிருந்து ஸ்டீயரிங் திரும்பி வராது. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த உங்கள் ஊரில் அது ஆபத்து.

கிங்பின் வேலையை வீட்டிலேயே செய்ய முடியும், ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். சக்கரம், காலிப்பர், ஹப், ஸ்பிண்டில் கழற்றியபின் மேலும் கீழும் நான்கு போல்ட்டில் நிற்கும் கிங்பின் மூடிகள் வரும். அவற்றுக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று குறித்து வையுங்கள். பேரிங்கையும் அதன் வெளிக் கப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும், பழைய கப்பில் புது பேரிங் போட்டால் சீக்கிரமே போய்விடும். இறுக்கம் சரியா என்று பார்க்க மீன்கடைகளில் இருப்பது போன்ற ஸ்பிரிங் தராசு போதும். சீலும் டை ராடும் மாட்டாத நிலையில், டை ராடு மாட்டும் துளையில் தராசைக் கொக்கி போட்டு இழுங்கள். நக்கிள் 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் நகர ஆரம்பிக்க வேண்டும். அதற்கும் குறைவாகவே நகர்ந்தால் ஷிம் ஒன்றை எடுங்கள், அதற்கு மேல் போனால் ஒன்றைச் சேருங்கள். வேலையை முடிக்கும்போது சீல், கிரீஸ் எல்லாம் புதிதாக இருக்கட்டும்.

ஹப் கழன்றிருக்கும் அதே நாளில் உங்கள் டக் டக் சத்தத்தையும் பார்த்துவிடலாம். ஆக்சில் ஷாஃப்டின் வெளிமுனையில் இருக்கும் சி.வி. ஜாயின்ட்டை (சக்கரம் திரும்பினாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) துடைத்து, குண்டுகள் ஓடும் பள்ளங்களில் குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். குழி இருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

ஆனால் சத்தத்துக்கு முழுக் காரணமும் அதுவாக இருக்காது. ஜிப்ஸியின் ஃபோர் வீல் தார்ச்சாலைக்கு ஆனதல்ல. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் (இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர் அமைப்பு) இல்லாததால் இரண்டும் ஒரே வேகத்தில் சுழன்றே ஆக வேண்டும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போகின்றன. மண்ணிலோ சேற்றிலோ டயர் சறுக்கி அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கும். தாரில் சறுக்காது, நனைந்த தாரிலும் அவ்வளவாகச் சறுக்காது. அதனால் ஷாஃப்டுகள் முறுக்கேறி நிற்கின்றன, லிவரும் சிக்கிக்கொள்கிறது. நேராக நிறுத்தி சில மீட்டர் ரிவர்ஸ் வந்தால் முறுக்கு அவிழ்ந்து லிவர் இலகுவாக வரும். அடித்து இழுக்க வேண்டாம். மழைக்காலத்தில் மலைச்சாலைக்கு நல்ல டயரும் நிதானமும் போதும், ஃபோர் வீலை எஸ்டேட் மண்பாதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு டோ-இன், அதாவது முன் சக்கரங்களின் முன்பக்கம் சற்று உள்நோக்கியிருக்கும் அளவைப் பாருங்கள். இரண்டு முன் டயரின் நடுவிலும் சாக்பீஸால் கோடு போட்டு, ஆக்சில் உயரத்தில் முன்பக்க இடைவெளியை அளந்து, வண்டியை அரைச் சுற்று உருட்டி அதே கோடுகளைப் பின்பக்கம் அளக்க வேண்டும். முன்பக்க அளவு 2 முதல் 6 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். டை ராடைத் திருகினால் மாறும்.

இனி மாற்றங்கள். உயரம் வேண்டுமென்றால் முதலில் தளர்ந்த பட்டையைச் சரிசெய்யுங்கள். புது செட் போடலாம், நல்ல பட்டறையில் பழையதை வளைத்து செட் செய்யலாம். அதோடு யூ போல்ட்டும் புதிதாக இருக்கட்டும், 500 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்குங்கள். வண்டி கம்பெனி உயரத்துக்கு வந்துவிட்டால் பாதிப் பேருக்கு வண்டியை உயர்த்தும் லிஃப்ட் ஆசையே போய்விடும். நீள ஷாக்கிளை விடவே மனமில்லை என்றால் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்பு வைத்துக் காஸ்டரை மீட்கலாம். ஜிப்ஸியில் ஆக்சில் பட்டையின் மேல் உட்காருவதால் ஆப்பின் தடித்த பக்கம் முன்னால் இருக்க வேண்டும். இரும்பு ஆப்பு வாங்குங்கள், அலுமினியம் வேண்டாம். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. சேஸிஸ் உயர்ந்திருக்கும் நிலையில் ஆக்சிலைப் பின்னோக்கிச் சாய்த்தால் அதன் மூக்கு (புரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் முனை) கீழே பார்க்கும், முன் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயின்ட் அதிகம் மடங்கி ஃபோர் வீலில் அதிரும். நானாக இருந்தால் பழைய ஷாக்கிளோடு நிறுத்திவிடுவேன்.

டயர் விஷயத்தில் உறுதியாகச் சொல்கிறேன், 205/70 ஆர்15-க்கே திரும்புங்கள். உங்கள் பெரிய டயரின் விட்டம் ஏறத்தாழ 734 மி.மீ., பழையது 668. பத்து சதவீதம் அதிகம். மீட்டர் 60 காட்டும்போது நீங்கள் 66-ல் போகிறீர்கள். 60 குதிரைத்திறன் இன்ஜினுக்கு ஒவ்வொரு கியரும் பத்து சதவீதம் கனமாகிறது, பிரேக்கின் பிடியும் அதே அளவு குறைகிறது. மலை இறங்குகிறவருக்கு இந்தப் பிரேக் கணக்கு ஒன்றே போதும்.

சட்டமும் கவனத்தில் இருக்கட்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி நிர்ணயித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ விதிக்கலாம். முன்னால் இரும்பு கம்பி கார்டு போடும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதன் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. 15 வருடம் தாண்டிய உங்கள் வண்டி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவு புதுப்பிப்புக்காக ஆய்வுக்குப் போக வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வீட்டில் செய்ய உகந்த வேலைகள் இரண்டு சொல்கிறேன். ஒன்று, ஆக்சில்களின் பிரீதர் (காற்று போய்வரும்) வாயிலிருந்து ரப்பர் குழாயை மேலே இன்ஜின் அறை உயரத்துக்குக் கொண்டுபோவது. சூடான ஆக்சில் ஆற்றில் இறங்கிக் குளிரும்போது தண்ணீரை உள்ளே உறிஞ்சாது. இப்போதே டிஃபரன்ஷியல் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள், பால் காபி நிறத்தில் இருந்தால் ஏற்கனவே தண்ணீர் போயிருக்கிறது.

இன்னொன்று ஹெட்லைட் ரிலே, அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச். இரண்டு பல்புக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 10 ஆம்பியர் மின்சாரம் பழைய சுவிட்ச், பழைய ஒயர் வழியாகவே போகிறது. லைட்டைப் போட்டுவிட்டு பேட்டரியிலும் பல்பின் முனையிலும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு தனி ஒயர் இழுத்து ரிலே வழியாகக் கொடுங்கள். ஃபியூஸை பேட்டரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். அதே 60/55 வாட் பல்பே பளிச்சென்று எரியும், எதிரே வருகிறவரின் கண்ணைக் கூசவைக்கும் அதிக வாட் பல்பு தேவைப்படாது.