பெரிய கட்டியா, சின்னக் கட்டியா?

கேள்வி: எனக்கு வயது 42. பள்ளி ஆசிரியை. இரண்டு வருடங்களாக மாதவிலக்கு எட்டு, ஒன்பது நாள் நீடிக்கிறது. முதல் மூன்று நாளும் கட்டி கட்டியாகப் போகிறது. வகுப்பில் நாற்காலியை விட்டு எழுந்ததும் திரும்பிப் பார்த்துக்கொள்வதே பழக்கமாகிவிட்டது. ஸ்கேனில் இரண்டு நார்க்கட்டிகள் தெரிந்தன. ஒன்று கர்ப்பப்பையின் வெளிப்பக்கம், 6 செ.மீ. இன்னொன்று உள்ளறைக்குள் நீட்டிக்கொண்டு, 2 செ.மீ. பெரிய கட்டியை நினைத்துத் தூக்கமே வரவில்லை. புற்றுநோயாக மாறிவிடுமா? "பிள்ளைகள்தான் பிறந்தாயிற்றே, கர்ப்பப்பையை எடுத்துவிடு" என்கிறார் நாத்தனார். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அது வயதுக் கோளாறாக இருக்கலாம். என் பதினைந்து வயது மகளுக்கும் இந்தக் கட்டி வருமா?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அந்த 6 சென்டிமீட்டர். எனக்கு உறுத்துவது 2 சென்டிமீட்டர்தான். அதைவிடவும், போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனீர்களே, அந்த மாடிப்படி.

புற்றுநோய் பயத்தை முதலில் முடித்துவிடுவோம். நார்க்கட்டி என்பது கர்ப்பப்பையின் தசையிலிருந்தே உருண்டு திரள்வது. ஐம்பது வயதுக்குள் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ஒன்றாவது வந்துவிடுகிறது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. அந்தத் தசையில் புற்றுநோய் வருவது மிக அரிது. மாதவிலக்கு அடியோடு நின்றபின் கட்டி வளர்ந்தாலோ ரத்தம் பட்டாலோ தாமதிக்கக் கூடாது. உங்கள் நிலைமை அதுவல்ல.

நார்க்கட்டியைப் பொறுத்தவரை, அளவைவிட அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் முக்கியம். வெளிப்பக்கம் இருப்பது பெரிதானால் முன்னால் சிறுநீர்ப்பையை அழுத்தும். அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கும். பின்னால் அழுத்தினால் மலச்சிக்கல், இடுப்பு வலி. இவை எதையும் நீங்கள் எழுதவில்லை. ஆக, பெரியது சும்மா இருக்கிறது. சின்னது அப்படியல்ல. மாதவிலக்கின்போது கர்ப்பப்பையின் உட்படலம் உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் திறந்துகொண்ட ரத்தக்குழாய்களைத் தசை சுருங்கி இறுக்க வேண்டும். அங்கே ஒரு கட்டி துருத்திக்கொண்டிருந்தால் சுவர் சரியாக இறுகுவதில்லை, உதிரும் பரப்பும் கூடிவிடுகிறது. உங்கள் ஒன்பது நாள் கணக்குக்கு அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இனி மாடிப்படி. ஒரு மாதவிலக்கில் 80 மில்லிக்கு மேல் ரத்தம் போனாலே அதிகம் என்பது மருத்துவக் கணக்கு. யார் அளக்கப் போகிறார்கள்? ஓர் அங்குலத்துக்கும் பெரிய ரத்தக் கட்டிகள் போவது, இரவில் எழுந்து நாப்கின் மாற்றுவது, நாற்காலியைத் திரும்பிப் பார்ப்பது, இவைதான் நம் அளவுகோல். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. மாடி ஏறும்போது மூச்சு வாங்குவது அதனாலும் இருக்கலாம். எட்டிலும் ஏழிலும் வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. மெல்லக் குறைவதால் உடல் பழகிவிடுகிறது, நாமும் அதற்கு "வயது" என்று பெயர் சூட்டிவிடுகிறோம். பழைய தமிழில் இந்த மிகுந்த உதிரப்போக்குக்குப் பெரும்பாடு என்று பெயர். பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

நாத்தனார் அக்கறையோடுதான் சொல்கிறார், அவசரப்படுகிறார், அவ்வளவுதான். உள்ளறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டியைப் பெரும்பாலும் வயிற்றைக் கிழிக்காமல், பிறப்புறுப்பு வழியாகக் கருவியைச் செலுத்தியே அகற்றிவிடலாம். உங்களுக்கு அது முடியுமா என்பதுதான் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அதுவரை போக்கைக் குறைக்க, மாதவிலக்கு நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்சாமிக் அமில மாத்திரை இருக்கிறது. முன்பு எப்போதாவது ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். கட்டியைச் சுருக்கும் ஹார்மோன் ஊசிகளும் உண்டு. நிறுத்தினால் கட்டி பழையபடி வளர்ந்துவிடும். வெளியே இருக்கும் பெரியதைத் தொந்தரவு தராதவரை கண்காணித்தால் போதும். மாதவிலக்கு நின்றபின் இவை தாமே சுருங்கிவிடுவது வழக்கம்.

கர்ப்பப்பையை எடுப்பது தவறே அல்ல. எல்லாம் செய்தும் போக்கு அடங்காமல், நீங்களே போதும் என்று முடிவெடுத்தால் அது நல்ல தீர்வு. அப்போதும் சினைப்பைகளையும் சேர்த்து எடுப்பார்களா, ஏன் என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மகளைப் பற்றி: குடும்ப வழியில் வருவது உண்டு, ஆனால் இப்போதே அவளுக்கு ஸ்கேன் தேவையில்லை. எத்தனை நாள் இயல்பு, எவ்வளவு போனால் அதிகம் என்று சொல்லிக்கொடுங்கள். நமக்கெல்லாம் யாரும் சொல்லவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்து, இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே தொடர்ந்தாலோ, தலைசுற்றலும் படபடப்பும் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மற்றபடி, அடுத்த மாதவிலக்கின்போது எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் என்று ஒரு தாளில் குறித்து, ஸ்கேன் அறிக்கையோடு எடுத்துச் செல்லுங்கள். ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையே கொடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போங்கள்.