கதவில் கரைந்த ஆச்சி

அன்புள்ள ஐயா,

போன மாதம் கானாடுகாத்தானில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை அனுப்பியிருக்கிறேன். நீண்ட வெள்ளைச் சுவர், இரட்டைக் கதவில் ஒன்று மட்டும் திறந்த தலைவாசல், அதைக் கடந்து போகும் ஒரு ஆச்சி. அரக்கு நிறக் கண்டாங்கிச் சேலையில் நேரில் அவ்வளவு அழகாக இருந்தார். போன் திரையில் மூன்று மூன்றாகப் பிரிக்கும் கோடுகள் சந்திக்கும் இடத்தில்தான் அவரை வைத்தேன். ஆனாலும் படத்தில் உயிர் இல்லை. எங்கே தவறினேன்?

காரைக்குடி வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தேன். கண் ஆச்சியிடம் போகவில்லை, நேராக வாசலுக்குள் போனது. செட்டிநாட்டின் பெரிய வீடுகள் பல, ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவை. முகப்பு, முற்றம் சூழ்ந்த வளவு, இரண்டாங்கட்டு என்று வாசல்கள் ஒரே நேர்கோட்டில் வரும். எல்லாம் திறந்திருந்தால் தெருவில் நின்றே பின் தெரு வெயிலைப் பார்த்துவிடலாம். உங்கள் படத்தில் நிலைக்குள் நிலை, அதற்குள் இன்னொரு நிலை, கடைசியில் நக அளவு வெள்ளை. பல வீடுகள் பூட்டியே கிடக்கும் ஊரில் இது கிடைத்தது பெரிய விஷயம்.

இப்போது ஆச்சிக்கு வருவோம். சாத்திய கதவின் முன்னால் இருக்கிறார். தேக்கின் பழுப்பும் சேலையின் அரக்கும் நேரில் வேறு வேறு. நிறத்தை எடுத்துவிட்டால் இரண்டும் ஒரே அடர் சாம்பல். தோளும் முதுகும் கதவோடு கரைந்து, நரைத்த கொண்டை மட்டும் தனியாக மிதக்கிறது. வண்ணத்தில் பார்த்து எடுத்துவிட்டு அப்புறம் நிறத்தை நீக்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை எடுத்தாலும் இதேதான். சிவப்பும் பச்சையும் பல நேரம் ஒன்றாகிவிடும். எடுக்கும்போதே திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

கோடுகள் சந்திக்கும் புள்ளி சரி. ஆனால் ஆளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அந்தக் கோடுகள் சொல்லாது. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1932-ல் பிரான்ஸின் ஈயேர் என்ற ஊரில் எடுத்த சைக்கிள்காரர் படத்தைத் தேடிப் பாருங்கள். படிக்கட்டின் மேலிருந்து எடுத்தது. வளைந்திறங்கும் படிகளும் கைப்பிடிக் கம்பியும் படத்தின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ள, மேலே இடப்பக்கம் சைக்கிள் கலங்கலாகப் பாய்கிறது. அதைச் சுற்றி வெறும் தெரு. அந்த வெற்றிடம்தான் சைக்கிளை ஓட வைக்கிறது. இன்னும் கொஞ்சம் போகவிட்டு எடுத்திருந்தால் ஓரத்தில் இடித்துக்கொண்டு நின்றிருக்கும்.

உங்கள் ஆச்சிக்கும் அந்த வெற்றிடம் இரண்டே எட்டில் காத்திருந்தது: வெள்ளைச் சுவர். அங்கே போயிருந்தால் சேலை முழு உருவமாக எழுந்து நின்றிருக்கும். அவர் விலகியதும் வாசலின் ஆழமும் நமக்குத் தனியாகக் கிடைத்திருக்கும்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. அவரது பின்னங்கால் குதிகாலைப் பாருங்கள். தரையை விட்டு எழும்பிவிட்டது. அதற்கும் அதன் நிழலுக்கும் நடுவே ஒரு நூல் வெளிச்சம். நீங்கள் தேடும் உயிர் அங்கே இருக்கிறது. கதவின் இருட்டு அதை எட்டவில்லை.

மறுபடி போங்கள். அந்த வாசல் எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்று வீட்டாரிடமே கேளுங்கள். எதிர்த் திண்ணையில் உட்காரச் சம்மதித்தால் அங்கேயே இடம் பிடித்துக்கொண்டு, சுவரைக் கடக்கும் ஆளுக்காகக் காத்திருங்கள். எடுத்ததும் அனுப்புங்கள், ஆவலாக இருக்கிறேன்.