மோட்டார் இல்லாத நீரூற்று: தண்ணீர் ஏன் ஒரு சாணுக்கு மேல் எழும்பவில்லை?

வணக்கம். கல்லடி வளவில் நாலடி உயர மேடையில் தண்ணீர்த் தாங்கி வைத்து, அரை அங்குலக் குழாயில் நாற்பது அடி இழுத்து நீரூற்று அமைத்திருக்கிறீர்கள்; தண்ணீர் ஒரு சாண்தான் எழும்புகிறது என்கிறீர்கள். சிகிரியாக் குன்றடித் தோட்டத்து நீரூற்றுகளுக்கு மோட்டாரா இருந்தது என்று வேறு கேட்கிறீர்கள். இல்லைதான். ஆனால் அங்கே மேடு இருந்தது, நமக்கு மட்டக்களப்பில் அதுதானே இல்லை!

5ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் காலத்துத் தோட்டம் அது. உயரத்தில் உள்ள நீர் நிலத்தடி வாய்க்கால் வழியே இறங்கி, துளையிட்ட வட்டச் சுண்ணாம்புக் கல் தட்டில் பீறிடும். நல்ல மழைக்காலத்தில் இன்றும் பீறிடுகிறது. ரோமாபுரியிலும் கதை இதேதான்: மலை நீர் கால்வாயில் வந்து தெருத் தொட்டிகளில் கொட்டியது. சிங்கமுகம், மீன்வாய் எல்லாம் குழாயின் நுனிக்குப் போட்ட அலங்காரம். நம் கோயில் கோமுகியை நினைத்துப் பாருங்கள்.

தாங்கியின் நீர்மட்டத்தைத் தாண்டி ஊற்று எழும்பாது. உங்களுக்கு அந்த நாலடியும் வராததற்குக் காரணம் குழாய்தான். ஒடுங்கிய நீளக் குழாயின் உராய்வு அழுத்தத்தைத் தின்றுவிடும். ஊற்றடி வரைக்கும் ஒன்றரை அங்குலக் குழாய் போடுங்கள், ஊற்றின் வாயை மட்டும் ஒடுக்குங்கள். குழாயைத் திருப்பும் எல்போ நாலு இருந்தால் இரண்டாக்குங்கள்; வளைவும் அழுத்தத்தைக் குறைக்கும். முடிந்தால் மேடையைப் பத்தடிக்கு உயர்த்துங்கள். நிரம்பிய தாங்கியின் பாரம் தாங்குமா என்று மேசனிடம் கேட்டுவிட்டு.

அப்புறம், ஊற்றின் வாயைக் கழற்றித் துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை நத்தை ஓடு அடைத்திருந்தது.