துணிக்கூடை நிமிர்ந்து நிற்க என்ன வாங்குவது? ஈஸ்டர் தையல் கேள்வி-பதில்

கேள்வி: ஈஸ்டர் பரிசுக்கு ஆறு துணிக்கூடைகள் தைக்க வேண்டும். அகலம் 20 செ.மீ., உயரம் 15 செ.மீ., அடிப்பக்கத்தின் ஆழம் (முன்னிருந்து பின்வரை) 12 செ.மீ. மேலே வளைவாக ஒரு கைப்பிடி. எவ்வளவு துணி வாங்கலாம்?

முதலில் வெட்டும் அளவைக் கண்டுபிடித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கூடையின் அகலத்தையும் ஆழத்தையும் கூட்டினால் 32. இரண்டு பக்கத் தையலுக்கும் 1 செ.மீ. வீதம் சேர்த்தால் ஒரு துண்டின் அகலம் 34 செ.மீ. உயரத்துக்கு, 15 செ.மீ.யோடு ஆழத்தில் பாதியான 6, மேலும் கீழும் தையலுக்கு 2, ஆக 23 செ.மீ. ஒரு கூடைக்கு வெளித்துணியில் இப்படி இரண்டு துண்டு, லைனிங்கில் இரண்டு துண்டு. கைப்பிடிக்கு 40 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை. அதை நாலாக மடித்தால் 2.5 செ.மீ. கைப்பிடி கிடைக்கும்.

110 செ.மீ. பன்னா (துணியின் அகலம்) உள்ள துணியில் கரையைக் கழித்தால் சுமார் 106 தேறும். ஒரு வரிசையில் மூன்று துண்டுகள் அடங்கும். ஆறு கூடைக்குப் பன்னிரண்டு துண்டு என்றால் நான்கு வரிசை, அதாவது 92 செ.மீ. கைப்பிடிப் பட்டைகள் வரிசைக்கு இரண்டாக மூன்று வரிசை, இன்னும் 30 செ.மீ. மொத்தம் 122. பருத்தித் துணி முதல் அலசலில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும்; கடையில் கோணலாக வெட்டித் தருவதும் உண்டு. அதனால் வெளித்துணி 1.4 மீட்டர், லைனிங் 1.1 மீட்டர் வாங்குங்கள். அலசி, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகு பன்னாவை மறுபடி அளந்து பாருங்கள். 102க்குக் கீழே இறங்கியிருந்தால் துண்டின் அகலத்தை 33 ஆக்கிவிடுங்கள். கூடை ஒரு செ.மீ. சிறுக்கும், அவ்வளவுதான், இன்னொரு வரிசைத் துணி வாங்கத் தேவையில்லை.

முயல், கோழிக்குஞ்சு, பூங்கொத்து என்று தலையும் காலும் உள்ள பிரின்ட் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். அடியில் தையல் வேண்டாமே என்று ஒரே நீளத் துண்டாக வெட்டி மடித்தால், ஒரு பக்கத்து முயல் தலைகீழாகத்தான் நிற்கும். இரண்டு தனித் துண்டாகவே வெட்டுங்கள்.

கேள்வி: தைத்த கூடை எல்லாம் பை மாதிரித் தொய்ந்து விழுகிறது. உள்ளே எதைக் கொடுக்க வேண்டும்? கடையில் ஃபியூசிங் (இஸ்திரிச் சூட்டில் துணியோடு ஒட்டும் உள்தாள்), பக்ரம் (விறைப்பான கஞ்சித்துணி), ஃபோம் என்று நாலைந்து வகை காட்டுகிறார்கள்.

துணிக்கூடையில் காசைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். வெளித்துணி சுமாராக இருந்தாலும் உள்ளே கொடுப்பது சரியாக இருந்தால் கூடை அழகாக நிற்கும். மாறிப்போனால் எவ்வளவு விலையுயர்ந்த பிரின்ட்டும் தொங்கும்.

சட்டை, பாவாடைக்கு வாங்கும் பருத்தித் துணி சதுர மீட்டருக்கு 120 முதல் 150 கிராம் வரை இருக்கும். அதை இரண்டு அடுக்காகத் தைத்தாலும் 15 செ.மீ. உயரத்துக்கு நிற்காது. இதற்கு மூன்று வழி உண்டு. வெளித்துணியையே 280 முதல் 340 கிராம் கனமுள்ள கேன்வாஸாக வாங்கலாம். 10, 12 செ.மீ. உயரமுள்ள சின்னக் கூடைக்கு அதுவே போதும், உள்ளே வேறு எதுவும் வேண்டாம். பருத்தித் துணிதான் வேண்டுமென்றால் வெளித்துணிக்குக் கனமான ஃபியூசிங்கும் லைனிங்குக்கு மெல்லிய ஃபியூசிங்கும் ஒட்டலாம். கூடை 15 செ.மீ.க்கு மேல் போனால் 3 முதல் 5 மி.மீ. தடிமனுள்ள ஃபோம் கொடுப்பது நல்லது.

பக்ரத்தை இந்த வேலைக்குச் சிபாரிசு செய்ய மாட்டோம். விறைப்பில் அதை மிஞ்ச ஆளில்லை, உண்மைதான். ஆனால் கூடையை உள்ளிருந்து வெளியே திருப்பும்போது கசக்கித்தான் எடுக்க வேண்டும். அப்போது பக்ரத்தில் விழும் மடிப்புக் கோடு எத்தனை இஸ்திரி போட்டாலும் முழுதாகப் போகாது. ஃபோம் கசங்கினாலும் நிமிர்ந்துகொள்ளும்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஃபியூசிங் சுருளிலிருந்து 15 செ.மீ. அளவுக்கு ஒரு ஓரத்தை வெளியே இழுத்து, கீழ் விளிம்பை விரலால் பிடித்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். உடனே தலை கவிழ்ந்தால் அது காலருக்கு ஆகும், கூடைக்கு ஆகாது. லேசாக வளைந்து நின்றால் போதும். நாலு மூலையும் சேரும்போது கொஞ்சம் விறைப்பு தானாகக் கூடும்.

நெய்யாத ரக ஃபியூசிங்குக்கு நூலோட்டம் கிடையாது, எந்தப் பக்கம் திருப்பியும் வெட்டலாம். 90 செ.மீ. பன்னாவில் 32 × 21 துண்டுகளைப் படுக்கவைக்காமல் நிற்கவைத்து வெட்டினால் வரிசைக்கு நான்கு வரும். வெளித்துணித் துண்டுகள் பன்னிரண்டுக்கும் ஒரு மீட்டர் போதும். துணி 34 × 23 ஆயிற்றே என்று கேட்கலாம். சுற்றிலும் தையல் இடத்தை விட்டுத்தான் ஒட்ட வேண்டும். தையலுக்குள் கனமான ஃபியூசிங் போனால் மூலைகள் கட்டிதட்டும்.

கேள்வி: ஃபியூசிங் ஒட்டிய துணி கொப்புளம் கொப்புளமாக எழும்புகிறதே?

பெரும்பாலும் அலசாத துணிதான் காரணம். நீராவி பட்டதும் துணி சுருங்கும், ஃபியூசிங் சுருங்காது, உபரியான பகுதி எழும்பி நிற்கும். இன்னொரு காரணம், இஸ்திரிப்பெட்டியைத் தேய்த்துக்கொண்டே போவது. வைத்து அழுத்துங்கள், 10 முதல் 15 விநாடி பொறுங்கள், தூக்கிப் பக்கத்து இடத்தில் வையுங்கள். நடுவில் ஒரு ஈரத்துணி இருக்கட்டும். சூடு முழுதும் ஆறும்வரை துணியை அசைக்காதீர்கள். பசை இறுகுவது ஆறும்போதுதான். ஒட்டும் ஃபோம் என்றால் துணிப் பக்கத்திலிருந்து மட்டும் சூடு கொடுங்கள். ஃபோம்மேல் நேராக வைத்தால் அப்பளமாகத் தட்டையாகிவிடும்.

கேள்வி: கூடையின் அடி தட்டையாக வர, ஒவ்வொரு துண்டின் அடிமூலையிலும் எவ்வளவு சதுரம் வெட்டுவது? சிலர் 6 என்கிறார்கள், சிலர் தையலையும் சேர்த்து 7 என்கிறார்கள்.

எல்லாத் தையலும் ஒரே 1 செ.மீ.யாக இருந்தால் துணியின் வெட்டு ஓரத்திலிருந்து அளந்து 6 செ.மீ. சதுரம் வெட்டுங்கள். 12 செ.மீ. ஆழம் சரியாக வரும். பக்கத் தையல் 1, மூலைத் தையல் 0.7 என்று மாறினால்தான் கணக்கு உதைக்கும். மூலையை மடித்துத் தைக்கும்போது பக்கத் தையலை ஒரு புறமும் அடித் தையலை எதிர்ப்புறமும் சாய்த்துக் குண்டூசி குத்துங்கள். கனம் ஒரே இடத்தில் சேராது.

கேள்வி: வெளியே பார்த்தால் நன்றாக இருக்கிறது. உள்ளே லைனிங் மட்டும் சுருக்கம் சுருக்கமாக நிற்கிறது.

இரண்டையும் ஒரே அளவில் தைத்திருப்பீர்கள். உள்ளே உட்காரும் லைனிங் ஒரு நூல் சின்னதாக இருக்க வேண்டும், ஃபோம் போட்ட கூடையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. பக்கத் தையலை மேல் விளிம்பில் 1 செ.மீ.யில் தொடங்கி, கீழே வரவர 1.3 ஆக உள்ளே தள்ளிக் கொண்டுபோங்கள். அடித் தையலும் 1.3. மேலேயே 1.3 வைத்தால் சுற்றளவில் 1.2 செ.மீ. குறைந்து, வெளித்துணியோடு விளிம்பு சேராது.

கூடையைத் திருப்பி எடுக்க லைனிங்கின் அடித் தையல் நடுவில் 12 செ.மீ. வாய் விடுங்கள். ஃபோம் என்றால் 15. வாயைச் சின்னதாக விட்டுப் பிதுக்கி எடுத்தால் அந்த இடத்துத் தையல் பிரிந்துவிடும்.

கேள்வி: கைப்பிடி வைக்கும் இடத்தில் ஊசி ஒடிகிறது.

வளைவுக் கைப்பிடி பக்கத் தையலின் மேல்தான் வந்து உட்காரும். கைப்பிடி நாலு அடுக்கு, வெளித்துணி, லைனிங், போதாததற்கு இரண்டு துணியின் பக்கத் தையல் மடிப்புகளும். சாதாரண 80/12 ஊசி இதைத் தாங்காது. 100/16 ஊசியோ ஜீன்ஸ் ஊசியோ வாங்குங்கள். நூல் பாலியஸ்டர். தையல் நீளத்தை 3 முதல் 3.5 மி.மீ.க்கு ஏற்றிக்கொண்டு, அந்த 3 செ.மீ. தூரத்தை மட்டும் சக்கரத்தைக் கையால் சுற்றிக் கடந்துபோங்கள். அதற்கு முன்பே பக்கத் தையல்களை இரு புறமும் விரித்து இஸ்திரி போட்டு, விளிம்பருகே 2 செ.மீ. நீளத்துக்கு அந்த மடிப்பைப் பாதியாக நறுக்கிவிடலாம்.

கைப்பிடியின் முனை தையலுக்குள் 3 செ.மீ.யாவது இறங்கட்டும். மேல் தையல் ஒன்று விளிம்பை ஒட்டியும் இன்னொன்று 2.5 செ.மீ. கீழேயும் ஓடினால் முனை இரண்டு இடத்தில் பிடிபடும், எளிதில் பிய்யாது. ஒற்றைக் கைப்பிடியைத் தூக்கும்போது மெத்தென்ற கூடை இரு பக்கமும் உள்ளே இழுபடும். கனமான சாமான் வைக்கப்போகிறீர்கள் என்றால் முன்னும் பின்னுமாக இரண்டு சின்னக் கைப்பிடிகளே மேல்.

கேள்வி: வசந்தகாலப் பிரின்ட்கள் ‘ஃபேட் குவார்ட்டர்’ கட்டாக விற்பனைக்கு வருகின்றன. ஒரு துண்டில் ஒரு கூடை வருமா?

ஃபேட் குவார்ட்டர் என்பது ஏறக்குறைய 46 × 56 செ.மீ. துண்டு. கேட்ட அதே 34 × 23 அளவுக்கு, தலை-கால் இல்லாத பிரின்ட் என்றால் இரண்டு துண்டு வரும். அலசிய பிறகும் கைப்பிடிக்கு 8 செ.மீ. பட்டை ஒன்று மிஞ்சும். நிமிர்ந்து நிற்கும் படங்கள் என்றால் சிக்கல். பெரும்பாலும் பிரின்ட் 46 செ.மீ. பக்கமாகத்தான் நிற்கும். இரண்டு 23 சேர்ந்தால் சரியாக 46. அலசினால் 44 தான் இருக்கும். கூடையின் உயரத்தை ஒரு செ.மீ. குறைத்தால் அடங்கும். கட்டாக வாங்கும் முன் ஒவ்வொரு துண்டின் அளவையும் பிரின்ட் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதையும் கேளுங்கள். விற்பனைப் படத்தில் மடித்து அடுக்கித்தான் காட்டுவார்கள். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

கேள்வி: தைக்க நேரமில்லை. கையால் தைத்த கூடையை இணையத்தில் வாங்கலாமா? எதைப் பார்ப்பது?

வாங்கலாம். காலியாக நிற்கும் கூடையின் படத்தைக் கேளுங்கள். காகிதச் சுருளும் முட்டையும் நிரப்பிய படத்தில் எந்தக் கூடையும் நிமிர்ந்துதான் நிற்கும். அப்புறம் உட்புறத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் ஒவ்வொரு படம். தைத்து முடித்த கூடையின் அளவு, கைப்பிடி சேர்க்காத உயரம், அலசும் முறை இவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பொருள் கைக்கு வந்ததும் மேல் விளிம்பைச் சுற்றி நகத்தால் ஓட்டிப் பாருங்கள், லைனிங் எங்கேயும் தையலிலிருந்து நழுவியிருக்கக் கூடாது. லைனிங்கின் அடியில் திருப்பிய வாய் மூடித் தைக்கப்பட்டிருக்க வேண்டும். கைப்பிடியைப் பிடித்து ஒருமுறை சுண்டி இழுங்கள். தையல் வரி ஓரிடத்தில் லேசாக நெளிந்திருந்தால் அது கைவேலை, விட்டுவிடலாம். கூடை ஒரு பக்கம் சாய்ந்தால், நாலு மூலையில் ஒன்று உயர்ந்திருந்தால், ஃபியூசிங் கொப்புளித்திருந்தால் அது குறை. படமெடுத்து அனுப்பி மாற்றித் தரச் சொல்லலாம். பெயர் போட்டுத் தைக்கச் சொன்னதைத் திருப்பி எடுக்கப் பலர் சம்மதிக்க மாட்டார்கள், எழுத்துகளை ஆர்டரிலேயே சரிபார்த்துவிடுங்கள்.

கேள்வி: எப்போது ஆர்டர் கொடுப்பது?

ஈஸ்டர் ஆண்டுதோறும் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் மாறிக்கொண்டே வரும். 2026இல் ஏப்ரல் 5. 2027இல் மார்ச் 28, எட்டு நாள் முன்னதாகவே வந்துவிடுகிறது. போன வருஷத் தேதியை நினைத்துக்கொண்டு இருந்தால் கூடை பண்டிகைக்கு அப்புறம்தான் வரும். ஆர்த்தடாக்ஸ் சபைகளில் கொண்டாடுபவர்களுக்கு அனுப்புவதென்றால் அவர்கள் தேதி பெரும்பாலும் வேறு. 2026இல் ஏப்ரல் 12.

கேள்வி: பருத்திக் கயிற்றைச் சுருட்டித் தைக்கும் கூடைக்கு எவ்வளவு கயிறு?

6 மி.மீ. கயிறு, 15 செ.மீ. வட்ட அடி, 10 செ.மீ. உயரம் என்றால் அடிக்கு 3 மீட்டர், சுவருக்கு 8 மீட்டர். கைப்பிடிக் காதுகளுக்கும் சேர்த்து 12 மீட்டர் வாங்குங்கள். 5 மி.மீ. அகல ஜிக்ஜாக் தையல், 90/14 ஊசி. நைலான் கயிறு வேண்டாம், தையலுக்கடியில் வழுக்கி ஓடும். அடியைத் தைக்கும்போது கயிற்றை இழுத்துப் பிடிக்காதீர்கள்; இழுத்தால் தட்டையாக வராமல் கிண்ணம்போலக் குழிந்துவிடும்.

கேள்வி: சாக்லேட்டும் சாயமிட்ட முட்டையும் வைத்தால் கறை படாதா? சின்னப் பிள்ளைகளுக்கு வேறு கொடுக்கிறோம்.

படும். சாயமிட்ட முட்டை நன்றாகக் காய்ந்த பிறகும் அடியில் மெழுகுத்தாள் ஒன்று விரியுங்கள். கூடைத் துணியே சாயம் விடுமா என்று வெட்டும் முன் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். அடர் சிவப்பையும் நீலத்தையும் கட்டாயம். அடியில் அட்டையை வைத்துத் தைத்துவிடாதீர்கள், ஒரு அலசலில் கூழாகிவிடும். 19.5 × 11.5 செ.மீ. பிளாஸ்டிக் தகடு ஒன்றை மூலைகளை வளைவாக நறுக்கி, கழற்றி எடுக்கும்படி உள்ளே போடுங்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் கூடையில் பொத்தான், மணி, ஒட்டிய கண் எதுவும் வேண்டாம், பிய்த்து வாயில் போட்டுக்கொள்வார்கள். முயலின் கண்ணை நூலால் எம்பிராய்டரி செய்யலாம். ரிப்பனையும் தொங்கவிடாமல் குட்டையான முடிச்சாகப் போட்டு, நடுவில் ஊசித் தையலால் பிடித்துவிடுங்கள்.