வால்நட் பலகை: கேள்வி பதில்

(கீழே பொதுவாக வால்நட் என்று சொல்வதெல்லாம் வட அமெரிக்காவின் கறுப்பு வால்நட்டைத்தான்.)

கேள்வி: வால்நட், தேக்கை விடக் கடினமா?

பதில்: ஏறக்குறைய சமம்தான். காய்ந்த பலகை கன மீட்டருக்குச் சுமார் 610 கிலோ இருக்கும். உளி சுலபமாக இறங்கும், வெட்டிய விளிம்பும் நொறுங்காமல் நிற்கும். நன்றாகக் காய்ந்துவிட்டால் அதிகம் கோணாது, அதிர்ச்சியையும் தாங்கும். துப்பாக்கிக் கட்டைக்கு இதைத் தேடிப் போனது அதனால்தான்.

கேள்வி: இழைக்கும்போது ஒரே ஒரு இடத்தில் மட்டும் பெயர்ந்து பெயர்ந்து வருகிறது. என் இழைப்புளியில் கோளாறா?

பதில்: கிளை பிரியும் இடத்தில் அறுத்த பலகையாக இருக்கும். பார்க்க அழகான இடமும் அதுதான், வம்பு பிடித்த இடமும் அதுதான். நாரோட்டம் இரண்டு விரல் அகலத்துக்குள் திசை மாறிவிடும்; இந்தப் பக்கம் வழுவழுப்பாக வந்தது அடுத்த அங்குலத்தில் பிய்யும். அலகை நன்றாகச் சாணை பிடித்து, சுருள் மெல்லிய தாள் கனத்தில் வரும்படி வையுங்கள். ஈரத்துணியால் பலகையை ஒரு தடவை துடைத்துவிட்டு இழைத்தால் நார் கொஞ்சம் அடங்கும். அப்படியும் பிய்ந்தால் ஸ்கிரேப்பர் (மேற்பரப்பைச் சுரண்டும் மெல்லிய எஃகுத் தகடு)தான் வழி. அதில் சின்னச் சுருள் வர வேண்டும். தூளாகக் கொட்டினால் முனை மழுங்கிவிட்டது என்று பொருள். அப்புறம், ஈரம் காயும் முன் இரும்புக் கிளாம்பை மேலே வைத்துவிடாதீர்கள். மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து மை கொட்டியதுபோல் கறை விழும்.

கேள்வி: பலகை ஓரம் வெளுப்பாக இருக்கிறதே, ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை, அது வைரம் (மரத்தின் கறுத்த நடுப்பகுதி) பாயாத வெளிப்பகுதி. சில மில்களில் நீராவி காட்டி அதையும் பழுப்பாக்குவார்கள். அதில் வைரத்தின் ஊதா சாயலும் மங்கிப்போகும். எனக்கு நீராவி காட்டாததுதான் பிடிக்கும். ஆனால் ஒன்று, வெளுப்பான பகுதியைப் பூச்சி சீக்கிரம் துளைக்கும்.

கேள்வி: நாளாக ஆக இன்னும் கறுக்கும்தானே?

பதில்: செர்ரி கறுக்கும். வால்நட் வெளிச்சம் பட்டு வெளுத்து, தேன் நிறத்துக்கு வரும். மேசைமேல் ஒரு ஜாடியை மாதக்கணக்கில் நகர்த்தாமல் வைத்தால் அடியில் கறுப்பு வட்டம் தெரியும். சாயம் பூச வேண்டாம். எண்ணெய் ஒரு பூச்சு, அது நன்றாகக் காய்ந்தபின் மேலே ஷெல்லாக் (அரக்குப் பூச்சு), அவ்வளவு போதும்.

கேள்வி: ஆப்பிரிக்க வால்நட் வாங்கலாமா?

பதில்: நல்ல மரம்தான். ஆனால் அது மஹோகனி குடும்பம், வால்நட்டுக்கு உறவே இல்லை. தெரிந்து வாங்கினால் சரி.

கேள்வி: இழைத்த சுருளைக் குதிரை லாயத்தில் பரப்பலாமா?

பதில்: கூடவே கூடாது. கறுப்பு வால்நட் கலந்த படுக்கையில் நிற்கும் குதிரைக்குக் கால் வீங்கி, குளம்புக்குள் அழற்சி வந்துவிடும். மற்ற மரங்களின் சுருளோடும் கலக்காமல் தனி மூட்டையாகக் கட்டி அப்புறப்படுத்துங்கள்.