வழக்கு நடக்கும்போது செய்தி வெளியிட நீதிமன்றம் தடை போடலாமா?

போடலாம். ஆனால் கேட்டவுடன் கிடைத்துவிடாது.

இந்தியாவில் இதற்கு முக்கியமான தீர்ப்பு 2012இல் சஹாரா நிறுவனத்துக்கும் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபிக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தந்தது. அதன்படி நீதிமன்றம் தருவது ஒத்திவைப்பு உத்தரவு. அதாவது, ‘எழுதவே கூடாது’ என்றில்லை, ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்பதுதான். அதற்கும் விசாரணை கெட்டுப்போகும் என்ற உண்மையான, கணிசமான ஆபத்து இருக்க வேண்டும். வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றுவது போன்ற வழிகள் உதவாது என்றும் தெரிய வேண்டும். தடை கேட்பவர்தான் இதைக் காட்ட வேண்டும். ஊடகம் எதிர்த்து வாதாடலாம்.

அமெரிக்காவில் இது இன்னும் கடினம். 1976இல் நெப்ராஸ்கா கொலை வழக்கு ஒன்றில் கீழ் நீதிமன்றம் பத்திரிகைகளுக்குப் போட்ட தடை செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பிரிட்டனில் நடந்தது வேறு கதை. தாலிடோமைடு மாத்திரையால் குழந்தைகள் பாதிக்கப்பட்டது பற்றி ‘சண்டே டைம்ஸ்’ வெளியிட இருந்த கட்டுரைக்கு, இழப்பீட்டு வழக்குகளைக் காரணம் காட்டித் தடை வந்தது. 1979இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதைக் கருத்துரிமை மீறல் என்றது. அதுவும் 11–9 என்ற மயிரிழை வித்தியாசத்தில்தான்!

ஜூரி, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு, இல்லாத இடத்தில் இத்தகைய தடைக்குத் தேவை குறைவு என்பது என் கருத்து. ஆனால் சாட்சிகளும் டிவி பார்க்கிறார்கள். வரிசையில் நிற்பவர்களில் குற்றவாளி யார் என்று சாட்சி காட்டும் அடையாள அணிவகுப்புக்கு முன்பே சந்தேக நபரின் படத்தைக் காட்டிவிட்டால், அப்புறம் அந்த அணிவகுப்புக்கு மதிப்பே இல்லை.