ஒழுகும் கூரை, மூழ்காத குடுக்கை

அன்புள்ள ஐயா,

ஜப்பானின் பதினாறாம் பேரரசர் நின்தோக்கு உயரமான இடத்தில் நின்று ஊரைப் பார்த்தபோது எந்த வீட்டிலிருந்தும் சமையல் புகை எழவில்லையாம். குடிகள் பட்டினி என்று புரிந்துகொண்டு மூன்று ஆண்டுகளுக்கு வரியை நிறுத்திவிட்டாராம். படித்ததும் கண் கலங்கிவிட்டது. ஆனால் உலகின் மிகப் பெரிய கல்லறைகளில் ஒன்று அவருடையது என்றும் அதே கட்டுரையில் இருந்தது. இரண்டும் ஒரே ஆளுக்கு எப்படிப் பொருந்தும்? இப்படி ஓர் அரசர் உண்மையில் இருந்தாரா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

நீங்கள் படித்த கட்டுரையில் கூரையை விட்டுவிட்டார்கள். எனக்கு அந்தக் கதையில் பிடித்ததே கூரைதான். வரி நின்றதும் அரண்மனையைப் பழுதுபார்க்க வழியில்லை. மழை உள்ளே ஒழுகியது. ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைத்துவிட்டு, நனையாத மூலைக்கு நகர்ந்து உட்கார்ந்தார்கள் என்கிறது ஜப்பானின் பழைய வரலாற்று நூலான ‘கொஜிகி’. மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால் ஊரெங்கும் புகை. “இப்போது நான் செல்வந்தன்” என்கிறார் அரசர். பக்கத்தில் நின்ற அரசிக்குத் தாங்கவில்லை. சுவர் இடிந்து கிடக்கிறது, உடுத்திய துணி நனைகிறது, இது என்ன செல்வம் என்று கேட்கிறாள். குடிகளின் வறுமை என் வறுமை, அவர்களின் செழிப்பு என் செழிப்பு என்று பதில் வருகிறது. இந்த உரையாடல் இன்னொரு பழைய வரலாற்று நூலான ‘நிஹோன் ஷோகி’யில் இருக்கிறது. அந்த நூலின்படி, வரி கட்டுகிறோம் என்று மக்களே வந்து கேட்டும் அவர் மேலும் மூன்று ஆண்டு வாங்கவில்லை.

இருந்தாரா என்ற கேள்விக்கு வருகிறேன். கொஜிகி 712இல் முடிந்தது, நிஹோன் ஷோகி 720இல். நின்தோக்கு 313 முதல் 399 வரை 87 ஆண்டுகள் ஆண்டார் என்கிறது இரண்டாவது நூல். முதல் நூலோ அவர் 83 வயதில் இறந்தார் என்கிறது. வாழ்ந்ததைவிட அதிக காலம் ஆண்டிருக்கிறார்! ‘நின்தோக்கு’ என்பதும் அவர் காதால் கேட்ட பெயர் அல்ல. அருளும் அறமும் என்று பொருள்படும் அந்தப் பட்டத்தை எட்டாம் நூற்றாண்டில்தான் சூட்டினார்கள். உயிரோடு இருந்தபோது அவர் பெயர் ஓ-சசாகி. சசாகி என்பது கைக்குள் அடங்கும் ஒரு சின்னக் குருவி. அவர் பிறந்தபோது பறந்து வந்தது ஆந்தை, அதே நாளில் அமைச்சர் வீட்டில் பிறந்த குழந்தைக்கு வந்ததுதான் குருவி, பிறகு பெயர்களை மாற்றிக்கொண்டார்கள் என்று கதை.

அவர் வழியில் கடைசியாக வந்த இருபத்தைந்தாம் பேரரசர் புரெத்சுவை இதே நிஹோன் ஷோகி கர்ப்பிணியின் வயிற்றைக் கிழித்துப் பார்த்த கொடியவனாகக் காட்டுகிறது. வம்சத்தின் தலையில் புண்ணியவான், வாலில் பாவி. சீன வரலாற்று நூல்களிலிருந்து எடுத்துக்கொண்ட வாய்ப்பாடு இது. ஆகவே புகையை நான் வரலாறாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இன்றைய ஒசாகா இருக்கும் நானிவாவில் ஐந்தாம் நூற்றாண்டில் பெரும் ஆள்பலம் உள்ள அரசர்கள் இருந்தார்கள் என்பதற்கு மண்ணே சாட்சி.

ஒசாகாவை ஒட்டிய சக்காய் நகரில் உள்ள அந்தக் கல்லறை 486 மீட்டர் நீளம், மூன்று அகழிகள். வானத்திலிருந்து பார்த்தால் சாவித்துவாரம் போல இருக்கும். நகராட்சிக் கட்டடத்தின் 21ஆவது மாடியில் நின்று பார்த்தாலும் வெறும் காடு மூடிய குன்றுதான். பழைய முறையில் இதைக் கட்ட என்ன ஆகும் என்று ஓபயாஷி கட்டுமான நிறுவனம் 1985இல் கணக்குப் போட்டது. உச்சத்தில் நாளொன்றுக்கு 2,000 பேர், மொத்தம் 15 ஆண்டு 8 மாதம். உள்ளே கிடப்பது அவர்தானா என்பதற்கு ஆதாரம் இல்லை. அரச மாளிகைத் துறை மேட்டை அகழ விடுவதில்லை. மேடு ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது என்கிறார்கள். அதனால் ஜப்பானியப் பாடநூல்கள் இப்போது ‘தைசென் மேடு’ என்று ஊர்ப் பெயரால் சொல்கின்றன.

பொருந்தவில்லை என்கிறீர்கள். வரி என்பதை அரிசியாக மட்டும் நினைத்தால் பொருந்தாது. அந்தக் காலத்து வரியில் பெரிய பங்கு உடலுழைப்பு. அதை நிஹோன் ஷோகியே மறைக்கவில்லை. அவர் ஆட்சியின் பத்தாம் ஆண்டில் அரண்மனை வேலை தொடங்கியதும், யாரும் ஏவாமலே முதியவரைத் தாங்கிக்கொண்டு, சிறுவரைக் கைப்பிடித்துக்கொண்டு, மரமும் கூடையும் சுமந்து இரவு பகலாக மக்கள் வந்தார்களாம். ‘யாரும் ஏவாமலே’ என்று அரசவை எழுத்தர் எழுதும் இடத்தில் எனக்கு இருமல் வந்துவிடும்.

அடுத்த ஆண்டே யோதோ ஆற்றின் வெள்ளத்தைத் தடுக்க மமுதா என்ற இடத்தில் கரை எழுப்புகிறார்கள். இரண்டு இடங்களில் மட்டும் போடப்போட உடைகிறது. அரசரின் கனவில் தெய்வம் வந்து, முசாஷியைச் சேர்ந்த கொவாகுபியையும் கவாச்சியைச் சேர்ந்த கொரோமொனோகோவையும் ஆற்றுக்குப் பலி கொடுத்தால் அடைபடும் என்கிறது. குடிகளின் பட்டினி கண்டு இரங்கிய அதே அரசர் இருவரையும் தேடிப் பிடித்துவரச் செய்கிறார்.

கொவாகுபி அழுதுகொண்டே தண்ணீரில் இறங்கி மாண்டார். ஓர் உடைப்பு அடைபட்டது. கொரோமொனோகோ இரண்டு சுரைக்குடுக்கைகளோடு வந்தார். அவற்றை ஆற்றில் எறிந்துவிட்டுத் தெய்வத்திடம் சொன்னார்: நான்தான் வேண்டும் என்றால் இவற்றை மூழ்கடித்துக் காட்டு, நீ மெய்யான தெய்வம் என்று ஒப்புக்கொண்டு நானே இறங்குகிறேன், முடியாவிட்டால் நீ பொய்த் தெய்வம், உனக்காக நான் ஏன் வீணாகச் சாக வேண்டும்? திடீரென்று சுழல்காற்று எழுந்து குடுக்கைகளை இழுத்து அமுக்கப் பார்த்தது. அவை அலைமேல் உருண்டு உருண்டு, மூழ்காமலே தொலைவில் மிதந்து போயின. கொரோமொனோகோ சாகவில்லை. கரையும் கட்டி முடிந்தது.